பல்கேரியா மட்டும் வேண்டாம்

"வீட்டுக்குப் பின்னாடியே மலை, மலை பூரா பனி. இதை விட்டுட்டு, சறுக்கிப் பழக ஐயா வெளிநாடு போறாராம்! கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுற கதையால்ல இருக்கு!"

ஹால்வோர் முள்கரண்டியைத் தட்டில் எறிந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்றாலே அந்த வீட்டில் மருமகனுக்கு அர்ச்சனைதான்.

மருமகன் ஸ்டியான் உருளைக்கிழங்கை ஆத்திரத்தோடு மசித்தான். நார்வேக்காரன் காலில் சறுக்குப் பலகையோடுதான் பிறப்பான் என்று உலகமே சொல்கிறது. இவனோ முப்பத்தாறு வயதிலும் பனியில் கால் வைத்தால் விழுவான். மழைக்குப் பேர்போன பெர்கனில் பிறந்து, பனிக்குப் பேர்போன ஃபாகெர்னெஸில் பெண்ணெடுத்தது அவன் தலையெழுத்து.

"உங்க ஊர்ல குடை பிடிக்க மட்டும்தானே சொல்லிக் கொடுப்பாங்க, பெர்கன்காரரே?"

"போதும்ப்பா!" என்றாள் மகள் இங்வில்ட். "ஈஸ்டர் பந்தயத்துல பிள்ளையோட அம்மாவோ அப்பாவோ சேர்ந்து சறுக்கணும். எனக்கு இது மூணாம் மாசம். ஈஸ்டருக்குள்ள வயிறு முன்னால வந்து நிக்கும். இவர் கத்துக்கலேன்னா என் பொண்ணு தீரில் ஓரமா நின்னு ஆரஞ்சுப்பழம் உரிச்சுத் தின்ன வேண்டியதுதான்."

ஆறு வயது தீரில் நிமிர்ந்தாள். "தாத்தா, அப்பா டென்மார்க்காரரா? அவங்களுக்குத்தான் சறுக்கத் தெரியாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

ஹால்வோர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஸ்டியானுக்குக் காது மடல் எரிந்தது.

மாமனார் ஊர்ச் சறுக்குக் கழகத்தின் தலைவர். கொடியசைத்துப் பந்தயத்தைத் தொடங்கிவைப்பவர். ராணுவத்தில் இருந்தபோது ஒரு போட்டியில் முட்டி பெயர்ந்துவிட்டதாம். அதன்பிறகு பலகையைத் தொட்டதில்லையாம். ஜனவரி வந்தால் முட்டிக்கு வெயில் காட்ட ஸ்பெயின் கடற்கரைக்கென்று தனியாகக் கிளம்புவார். இரண்டு வாரம் கழித்து முகம் மட்டும் கறுத்துத் திரும்புவார். அந்த இரண்டு வாரம்தான் ஸ்டியானுக்கு நிம்மதி.

"இங்கே பழகினா ஊரே கூடி நின்னு சிரிக்கும்." ஸ்டியான் கைப்பேசியை நீட்டினான். "ஆஸ்திரியா நமக்குக் கட்டுப்படியாகாது. இது பல்கேரியா, பான்ஸ்கோ. ரூம், பலகை, பூட்ஸ், வாத்தியார் எல்லாம் சேர்ந்தே இங்கே ஆகிறதுல பாதிதான். புதுசா பழகுறவங்களுக்குன்னே தனி மேடு இருக்கு. ஜனவரி ரெண்டாவது வாரம்னா இன்னும் மலிவு."

ஹால்வோரின் சிரிப்பு நின்றது.

"பல்கேரியாவா? அதெல்லாம் வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்! அங்கே சூப்பு கேட்டா, தயிர்ல வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டு, இந்தக் குளிர்ல சில்லுனு கொண்டாந்து வைப்பான்!"

"நான் என்ன சூப்பு குடிக்கவா போறேன்? ஆமா, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல படிச்சேன்! நீ ஆஸ்திரியாவுக்கே போ. பாதிச் செலவு நான் தரேன்."

ஸ்டியான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"உங்க காசு யாருக்கு வேணும்? எட்டு வருஷமா இதே மேசையில என்னைக் கிழிச்சுத் தொங்கப்போடுறீங்க. அப்போ உங்க பொண்ணு முன்னாடி, இப்போ என் பொண்ணு முன்னாடி! சரி, கத்துக்கலாம்னு கிளம்பினா அதுக்கும் முட்டுக்கட்டை. நான் எந்த ஊர்ல விழுந்தா உங்களுக்கு என்ன மாமா?"

"பல்கேரியாவுக்குப் போனே, அப்புறம் இந்த வாசப்படி மிதிக்காதே!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" இங்வில்ட் கத்தினாள். "ஸ்லோவாக்கியாவும் மலிவுதான். அங்கே போங்க. இத்தோட இந்தப் பேச்சு முடிஞ்சது."

தீரில் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக ஸ்டியான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். ஹால்வோர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்லோவாக்கியா நல்ல இடம்" என்றார்.

ஆனால் புறப்பட இரண்டே நாள் இருந்தபோது ஸ்லோவாக்கியாவில் மழை கொட்டிப் பனியெல்லாம் கரைந்துவிட்டது. பயண நிறுவனம் மொத்தக் கூட்டத்தையும் பான்ஸ்கோவுக்கு மாற்றிவிட்டது. மாமனார் அதற்குள் ஸ்பெயினுக்கென்று விமானம் ஏறியிருந்தார். சொன்னால் தொலைபேசியிலும் கத்துவார் என்று ஸ்டியான் யாரிடமும் மூச்சுவிடாமல் கிளம்பினான்.

முதல் நாள் காலை. சுற்றிலும் இடுப்புயரக் குழந்தைகள். அவர்களுக்கு நடுவே ஸ்டியான் பலகை மாட்டிய காலோடு தள்ளாடினான். பயிற்சி தரும் பெண் ராடோஸ்தினா கையில் பட்டியலோடு வந்தாள்.

"எந்த நாடு?"

"நார்வே" என்றான், தரையைப் பார்த்து.

அவள் பட்டென்று சிரித்துவிட்டாள். ஸ்டியானுக்குச் சுர்ரென்று ஏறியது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தான்?

"சிரிக்காதீங்க! நார்வேயில பிறந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணுமா?"

"ஐயோ, கோவிச்சுக்காதீங்க. உங்களைப் பார்த்துச் சிரிக்கல. உங்க நாட்டுக்காரர் ஒருத்தர் ஒன்பது வருஷமா எங்ககிட்டதான் படிக்கிறார். இன்னும் இந்தக் குழந்தைங்க மேட்டைத் தாண்டல. இறங்கிடுவார், நிறுத்தத்தான் வராது... ஐயோ, தள்ளுங்க, தள்ளுங்க!"

மேட்டின் உச்சியிலிருந்து ஒரு கனத்த உருவம் கால்களை அகட்டிக்கொண்டு, குழந்தைகளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு இறங்கிவந்தது. ஸ்டியானுக்கு நகரத் தெரியவில்லை. மோதிய வேகத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து உருண்டு வேலியில் போய் முட்டி நின்றார்கள்.

பெரியவர் பனியைத் துப்பிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஸ்டியானைப் பார்த்ததும் வெளுத்த முகம் மறுகணம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது.

"ஸ்லோவாக்கியான்னுதானேடா சொன்னே!" என்று கத்தினார் ஹால்வோர்.