எடுத்தது நான்தான்

"வளையலை எடுத்தது நான்தான் மாமா. தப்புதான். மன்னிச்சிடுங்க."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். குரல் அவன் மனைவியுடையது.

உள்ளே கட்டிலில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் பத்துப் பதினைந்து பேரை விரட்டி வேலை வாங்கிய கட்டட மேஸ்திரி. இப்போது அல்சைமர் நோய். குளித்தோமா, சாப்பிட்டோமா என்பதெல்லாம் மறந்துபோனாலும், செத்துப்போன மனைவியின் தங்க வளையல்களைக் காணோம் என்பது மட்டும் மறக்கவில்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று சில மாதங்களாக வீட்டை ரெண்டாக்கிக்கொண்டிருந்தார். எங்காவது கைதவறிப் போயிருக்கும் என்று அவனும் தேடிப் பார்த்து அலுத்து விட்டுவிட்டான்.

"திருட்டுக் கழுதை. என் கண்ணு முன்னாடி நிக்காதே, போ."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குள் போனாள்.



கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்ததே அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போகத்தான். அப்பாவை அடக்கி வைக்க ஒரு மாத்திரை கொடுங்கள் என்று போன முறையே கேட்டிருந்தான். டாக்டர் பிடிகொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிற மாத்திரை மறதியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், போனதைத் திருப்பித் தராது என்றார். சந்தேகத்துக்கும் கோபத்துக்கும் வேறு மாத்திரை உண்டு. ஆனால் இந்த வயதில் அது ஆளைத் தள்ளாட வைத்துக் கீழே விழவைக்கும், பக்கவாதம்கூட வரலாம், வேறு வழியே இல்லையென்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்றைக்கு எழுதி வாங்காமல் வருவதில்லை என்ற தீர்மானத்தோடுதான் அவன் வந்திருந்தான்.

இப்போது பார்த்தால் அப்பா சொன்னது அத்தனையும் நிஜம். நிஜத்தைச் சொன்ன மனுஷனுக்கு மாத்திரை போட்டு வாயை அடைக்கப் பார்த்தோமே என்று நினைக்கையில் உடம்பு கூசியது.

அவளிடம் நேரே போய்க் கேட்க வாய் வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டான். அம்மா வளையலை எடுத்தது என் பெண்டாட்டிதான், என் காதாலேயே கேட்டேன், இன்றைக்கே அவளை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறேன் என்று ஒரே மூச்சில் கொட்டினான்.



"வளையல் என்கிட்ட இருக்குடா," என்றாள் அக்கா. "அம்மா போன கையோட அப்பாவேதான் எடுத்துக் கொடுத்தார். உன் பெண்டாட்டியும் பக்கத்துலதான் நின்னா. நீ மனசுல ஏதாவது வெச்சுக்குவியோன்னு நான்தான் உன்கிட்ட சொல்லாதேன்னு அவகிட்ட கேட்டுக்கிட்டேன்."

போனை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனான்.

சமையலறையில் அவள் அப்பாவுக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எடுக்காததை எதுக்கு எடுத்தேன்னு சொன்னே?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். டாக்டர்தான் சொன்னாராம், அவரோடு வழக்காடாதே, அவர் போக்கிலேயே போய்ப் பேச்சை மாற்று என்று. திட்டித் தீர்த்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடுகிறாராம். இது ஒன்றுதான் இப்போதைக்குக் கேட்கிறதாம்.

"அதுக்காகத் திருடின்னு பேர் வாங்கணுமா? அக்காவுக்கு நீங்கதான் கொடுத்தீங்கன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வெளியூர் போயிருந்தப்ப சொல்லிப் பார்த்தேங்க. கொடுத்தது அவருக்கு ஞாபகம் வரலை. மகள் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கறது மட்டும் மனசுல நின்னுடுச்சு. ரெண்டு நாள் பச்சைத் தண்ணி பல்லுல படலை. என் பொண்ணு இப்படிப் பண்ணுவாளான்னு கேட்டுக் கேட்டு அழுதார்."

கட்டில் பக்கமிருந்து தண்ணீர் கேட்டுக் குரல் வந்தது. அவள் டம்ளரை நிரப்பி எடுத்துக்கொண்டு நடந்தவள், வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"உங்க அக்காவை அவருக்கு இன்னும் அடையாளம் தெரியுது. நான் யாருன்னே தெரியலை. யாரோ ஒருத்தி திருடினான்னா, வெறும் கோபத்தோட போயிடுமேங்க."