சுமந்தவர்

தாராவி கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தபோது, லாரி டிரைவர் தவசிமுத்து மட்டும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த ஓர் அம்மாள் அவரருகே நின்றாள்.

“நீரு போகலியா?”

“எனக்குத் தகுதியில்லக்கா. அறுபத்திரெண்டாம் வருசத்துல, குடிச்சிட்டு வண்டி ஓட்டி ஒரு மனுசனக் கொன்னுட்டேன். ஜெயிலுக்கும் போயிட்டு வந்தாச்சு. பாரம் எறங்கல.”

“அந்தப் பாரத்தத்தான இயேசு சிலுவையில சுமந்தாரு? நீரும் சுமந்தா, அவரு சுமந்தது பத்தலன்னுல்லா ஆவுது.”

தவசிமுத்து அப்படி யோசித்ததே இல்லை. எழுந்துபோய் முழங்காலிட்டார். அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கியபோது, ஆறு வருடமாக அடைத்துக் கிடந்த நெஞ்சு லேசானது.

ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாளைத் தேடிப் போனார்.

“நீங்க யாருன்னே தெரியல. பெரிய உபகாரம் செஞ்சிய.”

“நீரு திருவிருந்துல சேர மாட்டேங்கிறீருன்னு போதகர் எனக்கு எழுதியிருந்தாரு. அதுக்குத்தான் அம்பர்நாத்துல இருந்து வந்தேன்” என்றாள் அவள். “அன்னைக்குச் செத்தவரு என் வீட்டுக்காரரு. நான் அப்ப சொந்த ஊர்ல இருந்தேன், அதான் ஒமக்கு என் முகம் தெரியல.”

தவசிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார்.

“நான் மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. வாரும், சயான் ஸ்டேஷனுக்கு வழி காட்டும்.”

இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள்.