தனியாக நடந்தவர்

"நாட்டோட அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் கால்நடையாவே வந்தேன். துணைக்கு ஒரு ஈ காக்கா கிடையாது!"

ஓய்வுபெற்ற தபால் அதிகாரி காலை நீட்டிக் கொப்புளத் தழும்புகளைக் காட்டினார். நிருபர் மலைத்துப்போனான்.

"எனக்கெல்லாம் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாலே மூச்சு வாங்குது சார்!"

அதிகாரியின் மனைவி காபியை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"பாவம்மா நீங்க, இத்தனை மாசம் வீட்டுல ஒண்டியா!" என்றான் நிருபர்.

அவள் கணவரைப் பார்த்தாள்.

"அவளுக்கென்ன, எங்க இருந்தாலும் அடுப்படிதான்," என்று அவர் சிரித்தார்.

நிருபர் மேசையில் கிடந்த படங்களைப் புரட்டினான். பாலத்தின் மேல் அவர். கொட்டும் மழையில் அவர். ஆளரவமற்ற மண் சாலையில், தூரத்திலிருந்து எதிரே நடந்து வரும் அவர்.

"பிரமாதம் சார். ஆமா, இதையெல்லாம் யார் எடுத்தது?"

நீட்டியிருந்த கால் மெல்ல உள்ளே போனது.

"வழியில போறவங்க..."

"எல்லாத்தையுமா சார்?"

நிருபரின் பார்வை மனைவியின் பாதங்களுக்குப் போனது. அதே தழும்புகள். குதிகாலில் இன்னும் ஆறாத புண்.

அவர் காபியைப் பார்த்துக்கொண்டே முனகினார். "அவ எப்பவும் முன்னாடி போயிடுவா. நான் வர்றதுக்குள்ள சோறாக்கணுமே..."

"நடந்தா?"

"நடந்துதான். அடுப்பு, பாத்திரமெல்லாம் அவ முதுகுலதான்."

அவர் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். "உக்காரும்மா."

"எனக்கெதுக்கு? நீங்க உக்காருங்க," என்றாள் மனைவி. "தனியா நடந்து வந்த களைப்பு இருக்குமில்ல."