பத்தாம் வருடத்துப் போன்

வருடா வருடம் சம்பா நடவு சமயத்தில் நர்ஸ் செம்மொழி போன் செய்வாள். குந்தவையின் புருஷன் அரசப்பனுக்கு அடைத்துப் போன மூத்திரக் குழாயை, கன்னத்து உள்தோலை எடுத்து ஒட்டிச் சரிசெய்த ஆஸ்பத்திரியின் நர்ஸ். போன் வந்ததும் குந்தவை வரப்பில் ஏறிவிடுவாள். இந்த வருடமும் ஏறினாள்.

“ஐயாவுக்குத் தடையில்லாம போவுதாம்மா?”

“மடை தொறந்தாப்ல போவுதுங்க!” சொல்லும்போது வெட்கம் வேறு.

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அம்சத்துக்குக் காது நீண்டது.

“சந்தோஷம்மா. ஆபரேஷன் பண்ணி பத்து வருஷம் முடிஞ்சிடுச்சு. ஃபைலை மூடிடறோம். இனிமே போன் வராது.”

குந்தவைக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அய்யய்யோ, மூடாதீங்க! ஒரு மாசமா சொட்டுச் சொட்டாத்தான் போவுது. சொல்லக் கூச்சப்பட்டேன்.”

“அப்ப மூடலைம்மா. ஐயாவைக் கூட்டிட்டு வாங்க. வர்ற வரைக்கும் மாசாமாசம் கூப்பிட்டு விசாரிக்கிறேன்.”

“சரிங்க.” போனை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தவை சேற்றில் இறங்கினாள்.

அம்சத்துக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஏண்டி, அண்ணன் சாம்பலைக் காவிரியில கரைச்சு நாலு வருஷமாவுதே!”

குந்தவை நாற்றுமுடியை அவிழ்த்தாள்.

“அவரு எப்படி இருக்காருன்னு நீங்கள்லாம் கேக்குறதை விட்டுட்டீங்க. அந்தப் பொண்ணு ஒண்ணுதான் இன்னும் கேக்குது.”