எங்கே இருக்கே?

"என்ன பாய் இது, மொத்தமா மாத்திப்புட்டானுங்க!"

மகேந்திரன் கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தாங் காலி ஊரில் உதுமானின் தேநீர்க் கடை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தினமும் அவர் தே தாரிக் குடிக்கும் இடம்.

மாறியிருந்தது 'கூட்டாளி' செயலி. ஒரு காலத்தில் மலேசியத் தமிழர்கள் இரவும் பகலும் கிடையாய்க் கிடந்த இடம். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்று வேறு செயலிகளுக்கு ஓடிவிட, கடைசியில் மிஞ்சியது மகேந்திரன் மாதிரிப் பெரிசுகளும் அவர்கள் போடும் 'இனிய காலை வணக்க'மும்தான். 'அங்கிள்மார் கடை' என்று இளவட்டங்கள் கிண்டலடித்தார்கள். அந்தப் பேரைக் கழுவத்தான் இந்தப் புது வேஷம். கறுப்புத் திரை, துண்டு துண்டாக வீடியோ, தலையாட்டும் பொம்மைகள்.

"சின்னப் பசங்களைத் திரும்ப இழுக்கறதுக்காம்," என்றார் உதுமான், தேநீரை ஆற்றிக்கொண்டே. "என் மவன்கூடத் திரும்பச் சேர்ந்துட்டான் லா."

"எம்பையனும்தான். இதோ பாருங்க, குகன்!"

குகன் கிள்ளானில் அறை எடுத்துத் தங்கித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பாவைக் கூட்டாளியாகச் சேர்த்தவன், பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. இப்போது அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"பாய், அது என்ன, 'எங்கே இருக்கே?'ன்னு ஒரு பட்டன்?"

"அமுக்குங்க. கூட்டாளிங்க எந்த இடத்துல இருக்காங்கன்னு மேப்புல காட்டும். பசங்களுக்கு அதான் இப்ப புடிச்சிருக்கு."

அமுக்கினார். குகனின் முகம் சின்ன வட்டத்துக்குள் மினுக்கியது. பக்கத்து ஊரான உலு யாமில்.

மகேந்திரனுக்குச் சுரீரென்றது. காலையில்தான் போன் பண்ணியிருந்தான். 'இந்த வாரமும் ஓவர்டைம்பா, வீட்டுக்கு வர முடியாது.' போன வாரமும் அதே பாட்டு.

"பாத்தீங்களா பாய்! கிள்ளான்ல வேலைன்னு சொல்லிட்டு, இங்க பக்கத்துல உக்காந்திருக்கான். பெத்த அப்பன்கிட்டயே பொய்! எனக்கு இருக்கறதே ஒரே பிள்ளை..."

உதுமான் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், துணியை எடுத்துக்கொண்டு அடுத்த மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.

தலைக்கவசம் எடுக்க வீட்டுக்கு வந்தபோதே மகேந்திரன் கத்திக்கொண்டுதான் வந்தார்.

"உம்மவன் உலு யாம்ல இருக்கான் கண்மணி! எவளோ ஒருத்தி இருக்கா. இன்னைக்குக் கையும் களவுமா புடிக்கறேன்."

"வேணாங்க. போவாதீங்க."

"ஏன்? உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

கண்மணி ஓடிப்போய்க் கேட்டை மறித்து நின்றாள். அவளை விலக்கிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

வழி நெடுகப் பொருமிக்கொண்டே போனார். அம்மா அப்பா ரெண்டு பேரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், இவனுக்குக் கொஞ்சமாவது ஈரம் இருக்கிறதா? பெற்றவர்களை மறக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கூட்டாளியில் நறுக்கென்று நாலு வரி எழுத வேண்டும். எழுதினால் ஊரே ஆமாம் போடும்.

வரைபடம் காட்டிய வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் குகனின் கார். முற்றத்தில் குகன் குந்தி உட்கார்ந்து, இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"டேய்! இதான் உன் ஓவர்டைமா?"

தூக்கிவாரிப் போட எழுந்தான் குகன். "அப்பா... இங்க எப்படி..."

மகேந்திரன் கைப்பேசியை நீட்டிக் காட்டினார்.

"நீங்க அதுல இருக்கறதையே மறந்துட்டேன்," என்றான் மெதுவாக.

"மறப்படா, மறப்ப! யார் பிள்ளைடா இது? எனக்குத் தெரியாம இங்க குடும்பம் நடத்துறியா?"

சத்தத்தில் குழந்தை அழ, உள்ளேயிருந்து முக்காடிட்ட பெண் ஒருத்தி வயிற்றைத் தாங்கியபடி வந்தாள். நிறைமாதம். வாசலில் நின்றவரைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா..."

மாலா. குகனுக்கு மூத்தவள். மூன்று வருஷத்துக்கு முன், வீட்டை எதிர்த்து இக்பாலைக் கட்டிக்கொண்டு போன மகள்.

"நீ ஏங்கா எந்திரிச்ச?" என்று பதறினான் குகன். பிறகு அப்பாவிடம் திரும்பினான். "டாக்டர் அசையவே கூடாதுன்னு சொல்லிட்டாங்கப்பா. மச்சான் ஞாயித்துக்கிழமையும் லோரி ஓட்டப் போயிடறாரு. சின்னவளைப் பாத்துக்க ஆள் இல்ல. அதான் நான் வர்றேன்."

"உள்ள வாங்கப்பா," என்றாள் மாலா.

மகேந்திரன் அவள் பக்கம் திரும்பவில்லை. மகனையே முறைத்தார். ஆனால் குரலில் பழைய சூடு இல்லை.

"அதுக்கு எதுக்குடா பொய்? அக்கா வீட்டுக்குப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

குகன் அழுகிற குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எப்படிப்பா சொல்றது? அக்கா போன மறுநாளே அவ போட்டோவுக்கு மாலை போட்டு, 'கண்ணீர் அஞ்சலி'ன்னு கூட்டாளியில போட்டீங்க. ஊரே துக்கம் கேட்டுச்சு. நீங்களும் உக்காந்து ஒவ்வொருத்தருக்கா நன்றி சொன்னீங்க. செத்தவ வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு எந்த வாயால சொல்ல?"