ஏழாவது குடும்பம்

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவளுடைய வீடு இருந்தது. ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இரண்டாவது மாடி, பச்சைப் பெயின்ட் அடித்த தையல் மெஷின், வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த தொட்டில், அதில் எட்டு மாதப் பெண் குழந்தை. அந்தக் குழந்தை அவள்தான்.

சமூகவியல் இரண்டாம் ஆண்டுப் பாடநூல் அது. நேரில் போய்ப் பார்த்து எழுதிய பத்துக் குடும்பங்களில், பெயர் போடாமல் 'ஏழாவது குடும்பம்' என்று தலைப்பிட்டிருந்தார்கள். எழுதியவர் அவளுடைய கல்லூரியின் துறைத் தலைவராக இருக்கும் பேராசிரியைதான்.

அடுத்த பத்திக்கு வந்தாள். அந்த வீட்டுப் பெண்ணைக் கணவன் வாரத்தில் மூன்று நாள் அடிப்பானாம். ஒருமுறை சூடான இஸ்திரிப் பெட்டியை அவள் கையில் வைத்து அழுத்தினானாம்.

அம்மாவின் இடது முன்கையில் ஒரு தீத்தழும்பு உண்டு. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிற அவசரத்தில் பெட்டி சரிந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லியிருந்தாள்.

அன்று மாலை அப்பா வேலை முடிந்து வந்தார். லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் படிந்த கைகளை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவாமல் வீட்டில் எதையும் தொடமாட்டார். வழக்கம்போல மூன்று பேருக்கும் டீ போட்டு, அவளுடைய டம்ளரைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. உடம்பு சரியில்லையா என்று கேட்டபடி அப்பா நெற்றியைத் தொட வந்தபோது, தலையைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

நான்கு நாள் அவரோடு பேசவில்லை. நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று அவர் அம்மாவிடம் தணிந்த குரலில் விசாரித்தது சமையலறையிலிருந்து கேட்டது. கல்லூரியிலோ, அந்தப் பாடத்தை முன்கூட்டியே படித்த தோழி ஒருத்தி, ஏழாவது குடும்பத்து ஆளை ஜெயிலில் தள்ள வேண்டும் என்று மதிய இடைவேளையில் பொரிந்து தள்ளினாள். இவள் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாள்.

வியாழக்கிழமை வகுப்பில் அந்தப் பாடம் நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். புதன்கிழமை, அப்பா இல்லாத நேரம் பார்த்து, அம்மாவுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டி, எழுதியது தன் துறைத் தலைவர்தான் என்றும் சொன்னாள்.

அம்மா பெடலை நிறுத்தினாள். ஆமாம், நோட்டுப் புத்தகத்தோடு ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்தாள் என்றாள். வந்தது நான்கு நாள். கைத் தழும்பு எப்படி வந்தது என்பது உட்பட, கேட்க வேண்டியதையெல்லாம் முதல் நாளே கேட்டு முடித்துவிட்டாள், ஆனாலும் சாயங்காலம் வரை எழுந்து போகமாட்டாள்.

"அப்பா உன்ன அடிச்சாராம்மா?"

"உங்கப்பாவா? கரப்பான்பூச்சி அடிக்கவே அவரு என்னத்தான் கூப்பிடுவாரு."

"அப்ப இதுல எழுதியிருக்கிறது?"

அம்மா புத்தகத்தை அவள் பக்கமே நகர்த்தினாள். "அது நான் சொன்னதில்ல. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காத."

பிறகு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, அந்தப் பெண் இப்போது நன்றாக இருக்கிறாளா என்று விசாரித்தாள். மகளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஊரெல்லாம் படிக்கிற புத்தகத்தில் அப்பாவின் மானத்தை வாங்கியவளைப் பற்றிப் போய்க் குசலம் விசாரிக்கிறாளே என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே துறைத் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து அவர்முன் வைத்து, ஏழாவது குடும்பம் எங்கள் வீடு, தொட்டிலில் கிடந்தது நான்தான் என்றாள்.

பேராசிரியை பேனாவை மூடினார். அவள் முகத்தில் யாரையோ தேடுவதுபோலப் பார்த்தார். அம்மா இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறார்களா என்று கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது கோத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அவளுக்குக் கலைந்துபோயின. மிஞ்சியதைச் சொன்னாள்.

"நாலு நாளா எங்கப்பா முகத்த நான் பாக்கல மேடம். அம்மா இப்படி எதுவும் சொல்லலன்னு சொல்றாங்க. எதுக்கு மேடம் பொய் எழுதினீங்க?"

பேராசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காராமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடு, மெஷின், தொட்டில் எல்லாம் கண்ணால் பார்த்து எழுதியது என்றார். அடி விழுந்ததும் நிஜம், சூடு வைத்ததும் நிஜம் என்றார்.

"அப்ப அம்மா என்கிட்ட மறைக்கிறாங்களா?"

"ஆமா. பத்தொன்பது வருஷமா மறைக்கிறாங்க."

நாளைக்கு எந்த முகத்தோடு அப்பாவின் கையால் டீ வாங்குவது என்று அவளுக்குத் தோன்றியது. பேராசிரியை புத்தகத்தை மெல்ல மூடினார்.

"அது உங்கம்மா என்கிட்ட சொன்னதில்லம்மா. நான் உங்கம்மாகிட்ட சொன்னது."