வேறெங்கோ பார்த்தபடி

பியூலாவும் ஞானராஜும் பிரிந்தபோது, ஆசையாய் வளர்த்த இகுவானாவை, முழ நீளத்துக்கு இருந்த அந்தப் பச்சைப் பல்லியை, நண்பன் ஒருவனிடம் விட்டார்கள். நான்கு வருடம் கழித்து ஞானராஜ் பார்க்கப் போனபோது, அது குளியலறை இருட்டில் காய்ந்த ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே எலும்பும் தோலுமாய்க் கிடந்தது. வாரி எடுத்து வந்துவிட்டான். வெயில் படாமல் தாடை எலும்பு மெலிந்திருப்பதாகச் சொல்லி மருத்துவர் மருந்து கொடுத்தார். "இனி அதுவா சாப்பிட்டாத்தான் பொழைக்கும்" என்றார். தினமும் மாடியில் வெயில் காட்டி, முருங்கைக்கீரையை நீட்டி, அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாகியும் அது தொடவில்லை. வேறு வழியில்லாமல் பியூலாவைக் கைபேசியில் அழைத்தான்.

"செம்பருத்திப்பூ குடுங்க. ஆனா அதப் பாக்காதீங்க, பாத்தா சாப்பிடாது. கைய நீட்டிட்டு வேற எங்கயாச்சும் பாருங்க."

பழைய வாடகை வீட்டு மொட்டைமாடி அவன் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஈரத்தலையோடு, ஒரு கையை முன்னால் நீட்டி, தூரத்துத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தபடி அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பின்னாலிருந்து அவன் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். தன்னைத்தான் அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தான்.

தொட்டிச்செடியில் ஒரு பூவைப் பறித்து நீட்டிவிட்டு, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்தான். வெகுநேரம் கழித்து விரல் நுனியில் மெல்லிய இழுப்பு ஒன்றை உணர்ந்தான்.

"சாப்பிடுதா?" காதோரம் கைபேசியில் அவள் குரல் கேட்டது. இவ்வளவு நேரமும் அவள் வைக்காமல் காத்திருந்திருக்கிறாள்.

"சாப்பிடுது" என்றான், திரும்பாமல்.